லோடு போட்டதும் விழுந்த 5 வோல்ட்

டிப்ளமோ இரண்டாம் ஆண்டு பிராக்டிகல் தேர்வில் சீட்டு எடுத்தபோது எனக்கு வந்தது ரெகுலேட்டட் பவர் சப்ளை, அதாவது ஏசியை மாறாத டிசி வோல்ட்டாக்கும் சர்க்யூட். உள்ளுக்குள் ஒரே குஷி. 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜாக மாட்டிய நான்கு 4007 டையோடு, 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 5 வோல்ட்டில் நிறுத்தும் 7805 ரெகுலேட்டர் ஐசி, அவ்வளவுதான். இருபது நிமிடத்தில் போட்டு முடித்து மல்டிமீட்டரை வைத்தால் 5.02 வோல்ட். எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வந்த தேர்வாளர், வந்தார், மீட்டரைப் பார்த்தார்.

"லோடு எங்கே தம்பி?"

கரண்டை இழுக்கும் லோடாக 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை அவரே எடுத்து அவுட்புட்டில் சொருகினார். மீட்டர் 4.6-க்கு இறங்கியது. "ஐசி போயிடுச்சு சார்" என்றேன். "ஐசி நல்லாத்தான் இருக்கு. சிஆர்ஓவில் பாரு." வோல்ட்டின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் அந்த சிஆர்ஓவில் பார்த்தால், நேர்க்கோடாக இருக்க வேண்டிய 5 வோல்ட்டில் 10 மில்லிசெகண்டுக்கு ஒரு பள்ளம். மீட்டர் சராசரியைத்தான் காட்டும், பள்ளத்தைக் காட்டாது. ஏன் பள்ளம் என்ற கேள்விக்கு அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பாஸ் ஆனேன், ஆனால் வைவா மதிப்பெண் போனது போனதுதான்.

நான் செய்த தப்பு, பிளாக் படத்தை இடமிருந்து வலமாக மனப்பாடம் செய்தது. டிரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபையர் (டையோடு பிரிட்ஜ்), ஃபில்டர் (கெப்பாசிட்டர்), ரெகுலேட்டர் என்று ரயில் பெட்டி மாதிரி ஒப்பித்தேன். அப்புறம் வலமிருந்து இடமாகப் படித்தபோதுதான் விளங்கியது. நீங்களும் லோடிலிருந்து தொடங்குங்கள்.

5 வோல்ட்டில் 10 ஓம் என்றால் 0.5 ஆம்பியர். 7805 ஒழுங்காக வேலை செய்ய, அதன் இன்புட் அவுட்புட்டைவிட சுமார் 2 வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டும். ஆக, கெப்பாசிட்டர் எந்த நொடியிலும் 7 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. மேலே எவ்வளவு ஏறும்? டிரான்ஸ்ஃபார்மரின் 9 வோல்ட் ஆர்எம்எஸ் அளவு, அலையின் உச்சம் அல்ல. உச்சம் அதைப்போல் 1.414 மடங்கு, 12.7. பிரிட்ஜில் ஒரே நேரத்தில் இரண்டு டையோடு கடத்துவதால் 1.4 கழியும். மிச்சம் 11.3. அப்படியானால் இறங்க இடம் 4.3 வோல்ட்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். முழு அலை ரெக்டிஃபையரில் அடுத்த உச்சம் 10 மில்லிசெகண்ட் கழித்து வரும். அதுவரை லோடுக்குச் சோறு போடுவது கெப்பாசிட்டர்தான். கரண்டை நேரத்தால் பெருக்கி, இறங்கும் வோல்ட்டால் வகுத்தால் தேவையான கெப்பாசிட்டர் கிடைக்கும்: 0.5 × 0.01 ÷ 4.3, ஏறக்குறைய 1160 மைக்ரோஃபாரட். நான் போட்டிருந்தது 470! பாதி வழியிலேயே அது 7-க்குக் கீழே போய்விட்டது. தன்னிடம் வராத வோல்ட்டை 7805 எங்கிருந்து கொடுக்கும்?

கணக்கை இன்னொரு படி கொண்டுபோங்கள். கோடைக்கால மாலையில் வீட்டுக்கு வருவது 230 அல்ல, 200 வோல்ட் என்று வையுங்கள். 9 வோல்ட் 7.8 ஆகும், உச்சம் கழிவு போக சுமார் 9.6, இறங்க இடம் 2.6 மட்டும். இப்போது கிட்டத்தட்ட 1900 மைக்ரோஃபாரட் வேண்டும். கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 2200. லைன் ரெகுலேஷன் (வரும் வோல்ட் மாறினால் என்ன ஆகும்), லோடு ரெகுலேஷன் (லோடு மாறினால் என்ன ஆகும்) என்று இரண்டு கேள்வி வருமே, இரண்டுக்கும் பதில் இந்த ஒரே கணக்கில் இருக்கிறது. லோடு ரெகுலேஷன் சதவீதத்துக்கு, லோடு இல்லாத வோல்ட்டிலிருந்து முழு லோடு வோல்ட்டைக் கழித்து, முழு லோடு வோல்ட்டால் வகுத்து நூறால் பெருக்குங்கள். என் அன்றைய சாதனை 9 சதவீதம்.

2200 போட்டதும் பள்ளம் மறைந்தது. ஆனால் ஐசியைத் தொட முடியவில்லை. உள்ளே சராசரியாக 10 வோல்ட், வெளியே 5. நடுவில் விழும் 5 வோல்ட்டும் 0.5 ஆம்பியரும் சேர்ந்தால் 2.5 வாட் சூடு. லோடுக்குப் போவதும் அதே 2.5 வாட். பாதிக்குப் பாதி வீண்! ஹீட்சிங்க் இல்லாமல் விட்டால் 7805 தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்.

எஸ்எம்பிஎஸ், அதாவது டிரான்சிஸ்டரை வேகமாக ஆன்-ஆஃப் செய்து வோல்ட்டை மாற்றும் பவர் சப்ளை, ஏன் வந்தது என்பதற்கு இதைவிட நல்ல விடை கிடையாது. அதில் டிரான்சிஸ்டர் குழாய் மாதிரி முழுதாகத் திறந்து கரண்டை விடும் அல்லது முழுதாக மூடி நிறுத்தும், நடுவில் நின்று சூடாவதில்லை. வோல்ட்டைக் குறைக்கும் எஸ்எம்பிஎஸ் வகைதான் பக் கன்வெர்ட்டர். 12-ஐ 5 ஆக்கும் பக் கன்வெர்ட்டரில் ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 42 சதவீத நேரம் திறந்திருந்தால் போதும். காயிலும் கெப்பாசிட்டரும் அதைச் சீராக்கும். லோடு கூடி வோல்ட் இறங்கப் பார்த்தால், ஃபீட்பேக் அந்த நேரத்தைக் கொஞ்சம் நீட்டும்.

லேபில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சிஆர்ஓவின் இரண்டு சேனலுக்கும் கிரவுண்ட் ஒன்றுதான். பிரிட்ஜின் இன்புட்டையும் அவுட்புட்டையும் ஒரே நேரத்தில் பார்க்க ஆசைப்பட்டு இரண்டு சேனலின் கிரவுண்ட் கிளிப்பையும் மாட்டினால் ஒரு டையோடு ஷார்ட் ஆகிவிடும். பக்கத்து டையோடு புகையும். எங்கள் பேட்சில் மூன்று பேர் செய்தோம். எஸ்எம்பிஎஸ் பழக, பழைய மொபைல் சார்ஜரைப் பிரிக்காதீர்கள். அதன் முதல் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சற்று நேரம் தங்கும். 12 வோல்ட் அடாப்டரும் ஒரு சின்ன பக் மாட்யூலும் அந்த 10 ஓம் ரெசிஸ்டரும் போதும்.