ஏற்றத்தில் மட்டும் வந்த நீலப் புகை

நீலகிரி மலையில், எல்லநள்ளியில் என் பட்டறை இருக்கும் இடத்துக்கு வாடகை அதிகம், தண்ணீர் குறைவு, மழைக்காலத்தில் பின்சுவர் கசியும். இருந்தும் இத்தனை ஆண்டுகளாக நான் இடம் மாறாததற்குக் காரணம் வாசலில் இருக்கும் ஏற்றம்தான். கேத்திப் பள்ளத்திலிருந்து பாரத்தோடு வரும் எந்த வண்டியும் கடைசி இருநூறு மீட்டரை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். டீ கிளாசுடன் வாசலில் நின்றால் போதும். கிளட்ச் தேய்ந்திருக்கிறதா, நாசில் ஒழுகுகிறதா, ரிங் போய்விட்டதா என்பதை ஓட்டுநர் இறங்கி வாயைத் திறப்பதற்குள் புகையும் சத்தமும் சொல்லிவிடும்.

அந்தப் பிக்கப்பும் எனக்குப் புகையால்தான் பழக்கம். வண்டி கண்ணில் படும் முன்பே தைல மரங்களுக்கு மேலே கரும்புகை எழும்பும். இரண்டரை லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ (புகையின் விசையால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) இல்லாத பழைய டீசல் எஞ்சின். உரிமையாளர் பாலாடாவில் கேரட் போடுகிறவர். விளைந்ததைத் தானே கழுவி, தானே ஏற்றி, மேட்டுப்பாளையம் மண்டிக்குத் தானே ஓட்டிப் போவார். அறுபதைத் தொட்டவர். நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். மருமகனின் டர்போ வைத்த புதுப் பிக்கப் பர்லியாருக்குப் பக்கத்தில் இவரைத் தாண்டிப் போயிருக்கிறது. அன்று மாலையே பட்டறைக்கு வந்துவிட்டார்.

"இதற்கும் ஒரு டர்போ வைத்துக் கொடு, தம்பி."

முடியாது என்றேன். மறுவாரம் வந்தார், அப்போதும் முடியாது என்றேன். ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எல்லநள்ளி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம். கடற்கரையில் ஒரு பார் என்றிருக்கும் காற்றழுத்தம் இங்கே 0.8 பார் அளவில்தான் இருக்கிறது. அதாவது சிலிண்டர் ஒவ்வொரு முறை மூச்சிழுக்கும்போதும் ஐந்தில் ஒரு பங்கு காற்று குறைகிறது. அவருடைய வண்டியில் இருந்த பழைய மாதிரி டீசல் பம்ப்புக்கோ ஊர் பேர் தெரியாது. மேட்டுப்பாளையத்தில் எவ்வளவு டீசலை அடிக்கிறதோ அதே அளவை இங்கும் அடிக்கும். எரிய வேண்டிய டீசலுக்குக் காற்று போதாமல் பாதி வெந்தும் வேகாமலும் கரியாக வெளியே வருகிறது. நாங்கள் பார்ப்பது அந்தக் கரியைத்தான். வண்டியைப் பழித்துப் பயனில்லை.

டர்போ என்றதும் பந்தயக் காரையும் வேகத்தையும் நினைப்பவர்கள்தான் அதிகம். அது மலையோடு சேர்ந்தே வளர்ந்த பொருள் என்பது பலருக்குத் தெரியாது. வெளியேறும் புகையின் விசையைக் கொண்டே உள்ளே போகும் காற்றை அழுத்தலாம் என்ற யோசனைக்கு 1905இல் காப்புரிமை வாங்கியவர் சுவிட்சர்லாந்துக்காரரான ஆல்ஃபிரட் பூச்சி. உயரே போனால் விமான எஞ்சின் சோர்ந்துவிடுகிறதே என்று, 1918இல் அமெரிக்கப் பொறியாளர் சான்ஃபோர்ட் மாஸ் ஒரு லிபர்ட்டி விமான எஞ்சினை லாரியில் ஏற்றிக் கொலராடோவின் பைக்ஸ் பீக் மலைக்குக் கொண்டுபோனார். ஏறத்தாழ 14,000 அடி உயரம். அங்கே டர்போவோடும் டர்போ இல்லாமலும் ஓட்டிப் பார்த்தார். தரையில் 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின், உச்சியில் டர்போ இல்லாமல் 230தான் தந்தது. டர்போவோடு 356. சோதனைக்காக அவர்கள் மலைக்குப் போக வேண்டியிருந்தது. நாங்கள் மலையிலேயே குடியிருக்கிறோம்.

மூன்றாவது முறை வந்தபோது அண்ணன் எஞ்சின் வேலை பார்த்த பழைய பில்லைக் கையோடு கொண்டுவந்தார். ரிங், பேரிங், ஹெட் கேஸ்கெட் எல்லாம் மாற்றி இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. நான்கு சிலிண்டரிலும் காம்ப்ரஷன் பார்த்தேன். கிட்டத்தட்ட ஒரே அளவாக இருந்தது. எண்ணெய் மூடியைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தேன், புகை பொங்கி வரவில்லை. எஞ்சின் தளர்ந்திருந்தால் அங்கேயே மறுத்திருப்பேன். தேய்ந்த எஞ்சினில் டர்போ வைப்பது, இளைப்புக்காரரை ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்புவது போல.

கோவை உக்கடத்தில் பழைய உதிரிபாகக் கடைகளில் ஒரு பகல் முழுக்க அலைந்தேன். பழைய டர்போவைத் தேர்ந்தெடுப்பதும் சந்தையில் மாட்டின் பல்லைப் பார்ப்பதும் ஒன்றுதான். நடுவிலிருக்கும் தண்டை விரலால் மேலும் கீழும் அசைத்தால் மயிரிழை ஆட்டம் இருக்கும், அது தவறில்லை. ஓடும்போது அந்தத் தண்டு எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. முன்னும் பின்னும் இழுத்தால் மட்டும் அசையவே கூடாது. விசிறி இலைகளின் ஓரத்தை நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டும் பொருளில் ஒரு இலை நுனி மடங்கியிருந்தால் என்ன ஆகும் என்று கடைக்காரருக்குக் கவலையில்லை, எனக்கு உண்டு. நான்காவதாகப் பார்த்தது தேறியது. அதற்கும் பேரிங்கும், எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலும் புதிதாகப் போட்டேன்.

பொருத்திய கதையை நீட்ட வேண்டியதில்லை. புகை வெளியேறும் மானிஃபோல்டின் ஓட்டைகள் ஒத்துவராததால் குன்னூர் லேத் பட்டறையில் ஒரு தடித்த தகடு கடைந்து வாங்கினேன். ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் கிளை பிரித்து டர்போவுக்கு எண்ணெய்க் குழாய் இழுத்தேன். டர்போவைக் கடந்து வரும் எண்ணெய் திரும்பி இறங்குவதற்கு, எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப்பின் பின்பக்கச் சுவரில், எண்ணெய் மட்டத்துக்குச் சற்று மேலே துளையிட்டுக் குழாயைப் பற்றவைத்தேன். அங்கேதான் கைக்கு இடம் இருந்தது. நான் செய்த பிழைக்கு அதைத் தவிர வேறு காரணம் இல்லை.

முதல் ஓட்டம் அருமையாக இருந்தது. வெறும் வண்டியோடு கேத்தி வரை போய்த் திரும்பினோம். கரும்புகை பாதிக்கு மேல் குறைந்திருந்தது. அண்ணன் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் பாலாடாவிலிருந்து முழுப் பாரத்தோடு வந்தார். நான் வாசலில் நின்றிருந்தேன். ஏற்றத்தில் வண்டிக்குப் பின்னால் நீலப் புகை சுருண்டு சுருண்டு வந்தது. சமதளத்துக்கு வந்து நின்றதும் சிறிது நேரத்தில் புகை நின்றுவிட்டது.

நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. எந்த மெக்கானிக்கும் முதலில் சீலைத்தான் சந்தேகிப்பான், நானும் சந்தேகித்தேன். டர்போவை இறக்கிச் சீலை மாற்றினேன். பட்டறைக்குள் ஓடவிட்டால் துளிப் புகை இல்லை. பாரத்தோடு ஏறினால் மறுபடியும் நீலம். இன்னொரு முறையும் இறக்கினேன். அந்தச் செலவு என்னுடையது, அவரிடம் கேட்கவில்லை. உக்கடத்துக் கடைக்காரரை மனதுக்குள் நிறையத் திட்டினேன். அந்த மனிதர்மீது ஒரு தவறும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது முறை புகை வந்தபோது மூட்டைகளை இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வண்டியை ஏற்றத்திலேயே மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தேன். டர்போவின் அடியில் திரும்பு குழாயைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். காலியாக இருக்க வேண்டிய குழாயில் கால்வாசிக்கு எண்ணெய் நின்றுகொண்டிருந்தது. எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் அது கொப்பளித்தது.

வேறு சாட்சி தேவையில்லை. ஏற்றத்தில் வண்டியின் முன்பக்கம் தூக்கும், பின்னால் பாரம் இருந்தால் இன்னும் தூக்கும். சம்ப்பில் இருக்கும் எண்ணெய் முழுக்கப் பின்பக்கம் சரியும். நான் துளை போட்ட இடம் எண்ணெய்க்குள் மூழ்கிவிடும். டர்போவிலிருந்து இறங்கும் எண்ணெய்க்கு அழுத்தமெல்லாம் கிடையாது, தன் எடையால்தான் வடிய வேண்டும். வடிய வழியில்லாவிட்டால் தேங்கிச் சீலைத் தாண்டி, சூடான புகைவழிக்குள் ஒழுகும். நான் துளையின் இடத்தைக் குறித்ததும் அளந்ததும் சமதளத்தில், சிமெண்ட் தரையில். இந்த மாவட்டத்தில் அந்த வண்டி சமதளத்தில் நிற்கும் ஒரே இடம் என் பட்டறைதான்.

சம்ப்பை இறக்கிப் பழைய துளையை அடைத்து, முன்பக்கம் உயரத்தில் வேறு துளை போட்டு, முன்னதைவிடப் பருமனான குழாயை வளைவில்லாமல் நேராக இறக்கினேன். அதன் பிறகு நீலப் புகை வரவில்லை.

அடுத்த வேலை டீசல் அளவு. இங்கேதான் மெக்கானிக்குக்கும் வண்டிக்காரருக்கும் சண்டை வரும். காற்றை மட்டும் கூட்டினால் எஞ்சின் சுத்தமாக எரியும், சற்றே இழுக்கும். நல்ல இழுவை வேண்டுமென்றால் டீசலையும் கூட்ட வேண்டும். பம்ப் கடைப் பெரியவர் ஈயச் சீலை உடைத்து, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபுல் லோடு ஸ்க்ரூவைக் கால் சுற்று திருகிக் கொடுத்தார். அண்ணன் அரைச் சுற்று கேட்டார். கேட்டதைக் கொடுத்துப் பார்த்தோம். புகைவழியில் பொருத்தியிருந்த வெப்பமானி, காட்டேரி ஏற்றத்தில் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். உள்ளே பிஸ்டனை எண்ணெயும் சிலிண்டர் சுவரும் குளிர்விப்பதால் உடனே உருகிவிடாது என்பது உண்மை. ஆனால் டர்போவுக்கென்றே செய்யும் பல எஞ்சின்களில் பிஸ்டனின் அடியில் எண்ணெய் பீய்ச்சச் சிறு குழாய் வைத்திருப்பார்கள். இந்த எஞ்சினில் அது இல்லை. நீண்ட ஏற்றத்தில் அந்தச் சூட்டை யார் தாங்குவது? கால் சுற்றுக்கே திருப்பிவிட்டேன். முள் 650ஐத் தொட்டால் காலை எடுத்துவிட வேண்டும் என்று கண்ணாடியில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டுக் கொடுத்தேன்.

டர்போ கூட்டும் காற்றழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் கேஜில் அரை பார் காட்டியதைப் பார்த்து அவருக்கு ஒரே பெருமை. ஒன்றரை மடங்கு எஞ்சின் ஆகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்று கணக்குச் சொன்னேன். அந்த அரை பாரில் 0.2 பார் மலை பறித்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுப்பதற்கே போய்விடுகிறது. கைக்கு மிஞ்சுவது 0.3 பார். அழுத்தும்போது காற்று சூடாவதால் அதிலும் கொஞ்சம் கழியும். மண்டியில் கமிஷன் போகக் கையில் வருவது மாதிரி என்றதும் சட்டென்று புரிந்துகொண்டார்.

கல்லாறிலிருந்து குன்னூர் வரை உள்ள 14 கொண்டை ஊசி வளைவுகளில் அவருக்கு வேறொரு குறை தென்பட்டது. நேர்ச்சாலையில் நன்றாக இழுக்கும் வண்டி வளைவில் செத்துவிடுகிறது என்றார். வளைவில் எஞ்சின் சுற்று குறைந்தால் புகையின் ஓட்டமும் குறையும், டர்போ சுணங்கும், வண்டி பழைய வண்டியாகிவிடும். முப்பது ஆண்டுகளாக மூன்றாம் கியரிலேயே முக்கி முனகி வளைவைத் தாண்டிப் பழகிய கை, வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு வரப் பழக ஒரு மாதம் பிடித்தது. நிறுத்தும்போது சாவியை உடனே திருகாமல் ஒன்றிரண்டு நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் டர்போவுக்குள் நிற்கும் எண்ணெய் வெந்து கரியாகிவிடும் என்றும் சொல்லியிருந்தேன். அதை மட்டும் முதல் நாளிலிருந்தே தவறாமல் செய்தார். அந்த இடைவெளியில் வெற்றிலை மடித்துக்கொள்வார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த பிறகுதான் எனக்குத் தூக்கம் போனது. ஒரு நாள் காலை வழக்கம்போல் வாசலில் நின்று மூட்டைகளை எண்ணினேன். இருபது ஏற்றும் வண்டியில் இருபத்தாறு. புகையில்லாமல், திணறாமல், பாட்டுப் பாடிக்கொண்டு ஏறியது. நிறுத்திக் கேட்டேன். "இழுக்கிறதே தம்பி" என்றார்.

இழுக்கும். ஆனால் மேட்டுப்பாளையம் கீழே இருக்கிறது. இந்த மலையில் காய்கறிப் பாரம் பள்ளத்திலிருந்து சாலை வரைதான் ஏறுகிறது, பிறகு வழியெல்லாம் இறக்கம். இறக்கத்தில் டர்போவால் ஒரு பைசா உதவி கிடையாது. அதே பிரேக் ஷூ, அதே டிரம், அதே எஞ்சின் பிடி. முன்பு இருபத்தாறு மூட்டை ஏற்றியிருந்தால் என் வாசல் ஏற்றத்திலேயே வண்டி நின்று, ஆறு மூட்டையை இறக்க வைத்திருக்கும். அந்தப் பலவீனம்தான் அவருக்கு எடைமேடையாக இருந்தது. அதை நான் கழற்றி எறிந்திருக்கிறேன். மரப்பாலத்துக்கு அருகே பிரேக் லைனிங் கருகும் வாசனை வந்து ஓரமாக நிறுத்தினேன் என்று அவரே இன்னொரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகு நான் யாருக்கும் டர்போ வைக்கவில்லை. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது. முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கி வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். அண்ணனிடம் அப்படிச் சொல்லாதது என் தவறு. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பானெட்டைத்தான் திறப்பார் என்பது அப்போது உறைக்கவில்லை.

அவரோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். அவரே வந்து பிரேக் ஷூ நான்கையும் மாற்றச் சொன்னார், டிரம்மைக் கடைந்து கொடுத்தேன். இனி இருபதுதான் என்று வாக்குக் கொடுத்தார். ஆனால் இப்போதெல்லாம் என் பட்டறையைத் தாண்டும்போது மட்டும் தார்ப்பாயை நான்கு பக்கமும் இழுத்துக் கட்டியிருக்கிறார், எண்ண முடிவதில்லை. பின்பக்கம் பாரத்தைத் தாங்கும் வளைந்த ஸ்பிரிங் பட்டையைத் தார்ப்பாயால் மூட முடியாது என்பது அவர் நினைவுக்கு வரவில்லை போலிருக்கிறது. பாரம் மிஞ்சினால் அதன் வளைவு நிமிர்ந்து நேராகிவிடும். நேற்றுக் காலையும் குனிந்து பார்த்தேன். வளைவு இருந்தது. கையசைத்தேன், ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.