343-க்கு முன்னும் பின்னும்: நியூயார்க்கில் தீயணைப்பு வீரர்களின் நினைவிடங்கள்

நியூயார்க்கில் எங்கே சுற்றினாலும் 343 என்ற எண் கண்ணில் பட்டுவிடும். தீயணைப்பு வண்டியின் கதவில், தொப்பியில், டி-ஷர்ட்டில், ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரில். 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தில் உயிர்விட்ட அந்த நகரத் தீயணைப்புத் துறையினரின் எண்ணிக்கை அது. ஆனால் அந்தத் துறை சம்பள ஊழியர்களோடு இயங்கத் தொடங்கியது 1865-இல். அன்றிலிருந்து பணியில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அப்படியானால் மற்றவர்கள் எங்கே? அதைப் பார்க்கத்தான் ஒரு நாளை ஒதுக்கினேன். மன்ஹாட்டனின் வடக்கே ஆரம்பித்துத் தெற்கே இறங்குவது, பழையதை முதலில் பார்ப்பது என்று திட்டம்.

சப்வேயில் 1-ஆம் எண் ரயிலில் 103-ஆவது தெருவில் இறங்கி மேற்கே நடந்தால் ரிவர்சைடு டிரைவ். 100-ஆவது தெரு வந்து சேரும் இடத்தில், அகலமான படிகளுக்கு மேலே, ஹட்சன் ஆற்றைப் பார்த்தபடி தீயணைப்பு வீரர்களின் நினைவுச்சின்னம் நிற்கிறது. சுற்றுலாப் பயணி என்று நான் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லாம் நாயை நடத்திக்கொண்டு வந்த அக்கம்பக்கத்துக்காரர்கள்.

கல் சவப்பெட்டியைப் பெரிதாக்கி நிறுத்தியது மாதிரியான வடிவம். முன்புறத்தில் குதிரைகள் நீராவி பம்பு வண்டியை இழுத்துக்கொண்டு தீயை நோக்கிப் பாயும் புடைப்புச் சிற்பம். முதலில் இதைப் பளிங்கில்தான் செதுக்கியிருந்தார்கள். வெயிலும் பனியும் அரித்துவிட்டதால் பின்னால் வெண்கலத்தில் வார்த்து வைத்தார்கள். இரண்டு பக்கமும் இரண்டு சிற்பத் தொகுதிகள். ஒன்று 'கடமை', மற்றது 'தியாகம்'. தியாகத்தில் ஒரு பெண் உயிர் போன ஆணின் உடலைத் தாங்கிப் பிடித்திருக்கிறாள். கடமையில் ஒரு பெண்ணும் குழந்தையும். இப்படிப் பெயர் வைத்த சிலைகள் பொதுவாக எனக்குப் பிடிப்பதில்லை. இங்கே கொஞ்ச நேரம் நின்றேன். தீயோடு போராடும் வீரனைக் காட்டாமல் வீட்டில் மிஞ்சியவர்களைக் காட்டியிருக்கிறார் சிற்பி அட்டிலியோ பிச்சிரில்லி.

இது எழுந்த கதையும் ஒரு சாவு வீட்டில்தான் ஆரம்பிக்கிறது. 1908-இல் கெனால் தெருவில் நடந்த ஒரு தீவிபத்தில் சார்லஸ் க்ரூகர் என்ற துணைத் தலைமை அதிகாரி இறந்தார். அவருடைய இறுதிச் சடங்கின்போது பிஷப் ஹென்றி பாட்டர், இவர்களுக்கென்று ஒரு நினைவுச்சின்னம் வேண்டும் என்ற பேச்சை எடுத்தார். அதே வருடம் அவரும் போய்ச் சேர்ந்தார். அப்புறம் பொறுப்பை ஏற்றவர் மேசிஸ் கடையின் உரிமையாளர் இசிடோர் ஸ்ட்ராஸ். அவரும் முடிவைப் பார்க்கவில்லை. 1912-இல் டைட்டானிக்கில் மனைவியோடு மூழ்கிப்போனார். 1913 செப்டம்பரில்தான் திறப்பு விழா. பொதுமக்களின் நன்கொடையும் நகரத்தின் பணமும் சேர்ந்து கட்டியது.

பின்பக்கக் கல்வெட்டில் ஒரு பெயர்கூடக் கிடையாது. பணியின் அழைப்பில் இறந்தவர்களுக்கு, முடிவே இல்லாத ஒரு போரின் வீரர்களுக்கு, நன்றியுள்ள நகரத்தின் மக்கள் அர்ப்பணித்தது என்று மட்டும் இருக்கிறது. முன்னால் தரையில் ஒரு சின்ன வெண்கலப் பலகை. அது குதிரைகளுக்கு! விலங்குவதைத் தடுப்புச் சங்கம் 1927-இல் வைத்தது. அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1922 டிசம்பரில், புரூக்ளினில் கடைசிக் குதிரை வண்டியும் ஓய்வு பெற்றுவிட்டது. எஞ்சின் வண்டி வந்து, குதிரைகளை ஊரே மறந்துகொண்டிருந்த நேரத்தில் யாரோ ஞாபகமாக இதைச் செய்திருக்கிறார்கள்.

அடுத்தது 23-ஆவது தெரு. ஃப்ளாட்அயர்ன் கட்டடத்துக்கு எதிர்ப்பக்கம், மேடிசன் சதுக்கப் பூங்காவை ஒட்டிய இடம். எல்லோரும் கேமராவை முக்கோணக் கட்டடத்தின் பக்கம் திருப்பிக்கொண்டிருக்க, நான் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் சுவரில் பலகையைத் தேடிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், அன்றைய பயணமே இந்தப் பலகைக்காகத்தான்.

1966 அக்டோபர் 17. இரவு ஒன்பதரை மணி வாக்கில் 22-ஆவது தெருவில் ஒரு பழைய கட்டடத்தில் தீ. அதன் அடித்தளத்தை ஒரு ஓவிய வியாபாரி பயன்படுத்திவந்தார். பெயின்ட், லாக்கர் எனும் பளபளப்புப் பூச்சு என்று சட்டென்று பற்றிக்கொள்ளும் சாமான்கள் அங்கே இருந்தன. புகை அதிகமாக இருந்ததால் அந்தப் பக்கமாக நெருங்க முடியவில்லை. கட்டடத்தின் முதுகோடு ஒட்டி, 23-ஆவது தெருவைப் பார்த்தபடி ஒரு மருந்துக்கடை இருந்தது. அந்த வழியாகப் போய்த் தீயைப் பிடிக்கலாம் என்று ஒரு குழு உள்ளே நுழைந்தது. கடைக்குள் கொஞ்சம் புகை. மற்றபடி ஒன்றும் தெரியவில்லை.

அவர்களுக்குத் தெரியாத விஷயம் இதுதான். இரண்டு கட்டடங்களின் அடித்தளத்தையும் பிரித்த சுவரை முன்பே யாரோ தள்ளிக் கட்டியிருந்தார்கள். அதனால் ஓவிய வியாபாரியின் அடித்தளம் மருந்துக்கடையின் கீழே வரை நீண்டிருந்தது. நெருப்பு அவர்கள் காலுக்கு நேர் கீழே எரிந்துகொண்டிருந்தது. மேலே மரச் சட்டத்தின்மீது தடிமனான கான்கிரீட், அதன்மேல் டெரசோ எனும் கல்துண்டு பதித்த தரைப்பூச்சு. சூடு மேலே வரவே இல்லை. தரை சூடாக இருந்தால் எந்தத் தீயணைப்பு வீரனும் வெளியே ஓடிவந்துவிடுவான். இந்தத் தரை எதையும் சொல்லவில்லை. அடியில் மரம் கருகிக்கொண்டே போக, ஒரு கட்டத்தில் தரை அப்படியே உள்வாங்கியது. பத்துப் பேர் கீழே நெருப்புக்குள் விழுந்தார்கள். கீழிருந்து சீறிவந்த தீயில் மேலே நின்ற இரண்டு பேர் இறந்தார்கள். மொத்தம் 12 பேர்: இரண்டு தலைமை அதிகாரிகள், இரண்டு லெப்டினன்ட்கள், எட்டு வீரர்கள். 2001 வரை, ஒரே சம்பவத்தில் அந்தத் துறை இழந்த மிக அதிக உயிர்கள் இவைதான்.

பலகையில் பன்னிரண்டு பெயர்களும் இருக்கின்றன. சுவர் நகர்ந்த கதை இல்லை. எனக்கு அங்கே கொஞ்சம் கோபமே வந்தது. வீரம், தியாகம், கடமை எல்லாம் சரி. ஆனால் இவர்களைக் கொன்றது ஒரு தகவல், யாரும் சொல்லாமல் விட்ட தகவல். அதையும் வெண்கலத்தில் வார்த்தால் என்ன?

பம்பாயிலும் இதே கதைதான். 1944 ஏப்ரல் 14 அன்று விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பல் வெடித்தது. உள்ளே சுமார் 1,400 டன் வெடிபொருள். கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகளும் கூடவே. வெடிபொருள் இருப்பதை அறிவிக்கும் சிவப்புக் கொடியைக் கப்பலில் ஏற்றவில்லை. தீ தெரிந்த பிறகு கப்பலைக் கடலுக்கு இழுத்துப்போவதா, அங்கேயே மூழ்கடிப்பதா என்று பெரியவர்கள் முடிவெடுக்காமல் இழுத்தடிக்க, தீயணைப்புக்காரர்கள் தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். மாலை 4 மணி தாண்டி முதல் வெடிப்பு. பம்பாய்த் தீயணைப்புப் படையில் மட்டும் 66 பேர் பலி. ஏப்ரல் 14-ஐ நாம் தீயணைப்பு வீரர்களின் நீத்தார் நினைவு நாளாக அனுசரிப்பதும், தீத்தொண்டு வாரம் அன்று தொடங்குவதும் இதனால்தான்.

நியூயார்க் துறையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. தந்தி மணியில் செய்தி அனுப்பிய காலத்தில், பணியில் ஒருவர் இறந்தால் ஐந்து ஐந்தாக நான்கு முறை மணி அடிப்பார்கள். 5-5-5-5. தந்தி போய்விட்டது; இறுதி மரியாதையில் அந்த மணி மட்டும் இன்றும் நிற்கவில்லை.

மதியத்துக்கு மேல் R ரயிலைப் பிடித்துக் கோர்ட்லண்ட் தெருவில் இறங்கினேன். உலக வர்த்தக மைய வளாகத்தைப் பற்றி ஏகப்பட்ட பேர் எழுதிவிட்டார்கள், நான் சுருக்கிக்கொள்கிறேன். கோபுரங்கள் நின்ற இடத்தில் இரண்டு பெரிய சதுரக் குளங்கள், விளிம்பில் வெண்கலத்தில் குடைந்த பெயர்கள். தீயணைப்புத் துறையினரின் பெயர்கள் தெற்குக் குளத்தில், அவரவர் வேலை பார்த்த தீயணைப்புக் குழு வாரியாக இருக்கின்றன. பிறந்தநாள் வரும் பெயரில் ஒரு வெள்ளை ரோஜாவைச் செருகி வைக்கிறார்கள். 343 பேரில் துறையின் பாதிரியார் மைக்கேல் ஜட்ஜும் இரண்டு பாராமெடிக்குகளும் (அவசர மருத்துவ ஊழியர்கள்) அடக்கம்.

நான் தேடிய பெயர் ஓரியோ பால்மர். பெட்டாலியன் தலைவர், அதாவது பல தீயணைப்புக் குழுக்களுக்குப் பொறுப்பான அதிகாரி. தெற்குக் கோபுரத்தில் ஒரு லிஃப்டை வேலை செய்ய வைத்து 40-ஆவது மாடி வரை போனார். அங்கிருந்து முழுக் கவசத்தோடு படியேறி 78-ஆவது மாடியை எட்டினார். விமானம் மோதிய பகுதியின் கீழ் விளிம்பு அது. அங்கிருந்து அவர் ரேடியோவில் பேசியது பதிவாகியிருக்கிறது: இரண்டு இடத்தில் தனித்தனியாகத் தீ, இரண்டு ஹோஸ் (தண்ணீர்க் குழாய்) இருந்தால் அணைத்துவிடலாம். பதற்றம் இல்லாத, வேலைக்காரனின் பேச்சு. கொஞ்ச நேரத்தில், 9:59-க்குக் கோபுரம் விழுந்தது. வடக்குக் கோபுரத்தில் ஏறிக்கொண்டிருந்தவர்களில் பலருக்குப் பக்கத்துக் கோபுரம் விழுந்ததே தெரியாது என்பது பிறகு நடந்த விசாரணையில் வெளிவந்தது. மறுபடியும் அதே கதை.

லிபர்டி தெருவைத் தாண்டினால் 'டென் ஹவுஸ்' என்ற தீயணைப்பு நிலையம். அதன் பக்கச் சுவரில் 56 அடி நீள வெண்கலப் புடைப்புச் சிற்பம், 2006-இல் வைத்தது. நடுவில் எரியும் கோபுரங்கள், இரு பக்கமும் ஹோஸோடும் கவசத்தோடும் ஆட்கள், கீழே 343 பெயர்கள். விழுந்தவர்களுக்கும், தொடர்ந்து வேலை செய்கிறவர்களுக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். கலை என்று பார்த்தால் ரிவர்சைடு டிரைவ்தான் எனக்கு உசத்தி.

வளாகத்தின் தென்மேற்கு மூலையில் ஒரு பாதை இருக்கிறது. பெரும்பாலானோர் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். 2019 மே மாதம் திறந்த இடம். பாதையின் இரு பக்கமும் ஆறு பெரிய கரடுமுரடான கற்கள், இடுக்குகளில் கோபுரங்களின் எஃகு. அன்றும் அதற்கப்புறம் பல மாதங்களும் இடிபாடுகளில் வேலை செய்து, அந்தத் தூசியைச் சுவாசித்து நோயில் விழுந்தவர்களுக்கானது. கோபுரங்கள் விழுந்த ஒரே வாரத்தில், காற்று பாதுகாப்பானது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவித்தது. நம்பி வேலை பார்த்தார்கள். அந்த நோய்களில் இறந்த நகரத் தீயணைப்புத் துறையினரின் எண்ணிக்கை 2023 செப்டம்பரில் 343-ஐத் தொட்டது. இப்போது அதையும் தாண்டிவிட்டது.

போக நினைப்பவர்களுக்குச் சில தகவல்கள். நான் சொன்ன எந்த இடத்துக்கும் கட்டணம் இல்லை. வளாகத்தின் அருங்காட்சியகத்துக்கு மட்டும் டிக்கெட் உண்டு. ரிவர்சைடு டிரைவில் ஒவ்வொரு அக்டோபரிலும் துறையின் நினைவு நிகழ்ச்சி நடக்கும். அந்தச் சமயத்தில் அங்கே இருந்தால் தவறவிடாதீர்கள். டென் ஹவுஸ் இன்றும் இயங்கும் நிலையம், ஆகவே படம் எடுக்கிற ஆசையில் வண்டிகள் வெளியே வரும் கதவுக்கு முன்னால் போய் நிற்க வேண்டாம்.