வளைவில் உடம்பைச் சாய்ப்பது எதற்காக

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பைக்கில் ஏறும்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போதுதான், இடப்பக்கம் திரும்பும் ஒரு வளைவின் நடுவில் முன்சக்கரம் வழுக்கி, நான் ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமுமாகச் சாலையின் எதிர் ஓரம்வரை இழுத்துக்கொண்டு போனோம். எதிரே பேருந்து எதுவும் வராததால் முழங்கைச் சிராய்ப்போடும் உடைந்த கிளட்ச் லீவரோடும் தப்பினேன். கூட வந்த நண்பர், "உடம்பை உள்பக்கம் சாய்த்திருந்தால் டயர் பிடித்திருக்கும்" என்றார். அதை நம்பி ஆறு மாதம் ஓட்டிய பிறகே, அவர் சொன்னதில் பாதிதான் சரி என்று புரிந்தது.

ஒரு வளைவில் எவ்வளவு சாய வேண்டும் என்பதை வேகமும் வளைவின் ஆரமும் மட்டுமே முடிவு செய்கின்றன. ஓட்டுபவரின் எடைக்கு அதில் பங்கில்லை. 12 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை மணிக்கு 25 கிலோமீட்டரில் கடக்க ஏறத்தாழ 22 டிகிரி சாய்வு போதும். அதே வளைவில் 35 கிலோமீட்டரில் போனால் 39 டிகிரி தேவைப்படும். டயர் தாங்க வேண்டிய பக்கவாட்டு விசையும் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். நல்ல டயருக்கும் காய்ந்த தார்ச்சாலைக்கும் அது எல்லையை நெருங்கும் அளவு. இது வண்டியும் ஆளும் சேர்ந்த மொத்த எடையின் சாய்வுக் கணக்கு என்பதுதான் இதில் முக்கியம். நான் உள்பக்கம் நகர்ந்தால் மொத்தச் சாய்வு மாறாது. அதில் வண்டியின் பங்கு மட்டுமே குறையும்.

எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் எடை 75 கிலோ, பெட்ரோலோடு வண்டி 180 கிலோ. என் உடம்பு முழுவதையும் 10 சென்டிமீட்டர் உள்ளே நகர்த்தினால், எங்கள் இருவரின் பொதுவான எடைமையம் 3 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகரும். அந்த மையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், வண்டி 3 டிகிரிகூட நிமிராது. பந்தயத்தில் இது பெரிய லாபம். 1978 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் 500 சிசி பைக் பந்தய உலகப் பட்டத்தை வென்ற கென்னி ராபர்ட்ஸ் இருக்கையை விட்டு இறங்கி முழங்காலை நீட்டி ஓட்டியது சும்மா அழகுக்காக அல்ல. சாலையிலும் கால்மிதி தரையில் உரசாது, அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் நன்றாக வேலை செய்யும், வளைவு எதிர்பாராமல் இறுகினால் இன்னும் கொஞ்சம் சாய இடம் மிச்சமிருக்கும். ஆனால் டயர் தாங்கும் பக்கவாட்டு விசை இதனால் துளியும் குறைவதில்லை. நண்பர் தவறவிட்ட பாதி இதுதான்.

அப்படியானால் நான் ஏன் விழுந்தேன்? வேகத்தை வளைவுக்கு முன்பே குறைக்காமல், சாய்ந்த பிறகு பயந்துபோய் முன்பிரேக்கை அழுத்தியதால். வளைவதற்கும் பிரேக்குக்கும் டயரிடம் இருப்பது ஒரே பிடிமானம். ஆனால் அது நேர்க் கழித்தலாகக் கரைவதில்லை. பாதியை வளைவுக்குச் செலவழித்தால்கூடப் பிரேக்குக்கு 87 சதவீதம் மிஞ்சும். 90 சதவீதத்தைச் செலவழித்துவிட்டால் 44தான் மிஞ்சும். எல்லைக்குப் பக்கத்தில் போகும்வரை தாராளமாகத் தெரிவது, அங்கே போனதும் சட்டென்று வற்றிவிடுகிறது.

இன்னொரு தவறும் இருந்தது. இறக்கத்தில் உடம்பு இருக்கையில் முன்னால் வழுக்கி வந்து டேங்கில் முட்டும்; எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்கும்; கை விறைக்கும். விறைத்த கை, முன்சக்கரம் சிறு மேடுபள்ளங்களில் தானாகச் சரிசெய்துகொள்ள விடாது. ஹேண்டில்பாரில் தொங்கிக்கொண்டு உள்ளே சாய்பவர்களுக்கும் இதே கதிதான். இடப்பக்க வளைவில் வலது தொடையை டேங்கின் பள்ளத்தில் அழுத்தி, முன்பாதத்தைக் கால்மிதியில் ஊன்றி, உடம்பை அந்தக் காலிலேயே தாங்க வேண்டும். முழங்கைகளைக் கோழி இறக்கை போல அசைத்துப் பார்த்தால் தளர்வாக அசைய வேண்டும். அசையவில்லை என்றால் நாம் உட்கார்ந்திருப்பது சரியில்லை.

வலப்பக்க வளைவில் நான் சாய்வதைக் குறைத்துக்கொள்கிறேன். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். நடுக்கோட்டை ஒட்டிச் சக்கரம் போனாலும், உள்ளே சாய்ந்த தலை கோட்டுக்கு அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். எதிரே வரும் பேருந்து அந்த இடத்துக்குத்தான் வரும். ஆகவே இடுப்பை அசைக்காமல், மேலுடலை மட்டும் சற்று உள்ளே கொண்டுவந்து, கோட்டிலிருந்து நன்றாக இடப்பக்கம் தள்ளியே போகிறேன்.

டயரைப் பற்றி நான் தாமதமாகக் கவனித்தது ஒன்று உண்டு. நெடுஞ்சாலையிலேயே ஓடிய என் பின் டயர் நடுவில் தேய்ந்து சப்பையாகியிருந்தது. சாயும்போது அந்தச் சப்பையின் விளிம்பைத் தாண்டுகையில் வண்டி திடீரென்று விழுவதுபோல இருக்கும். புது டயர் மாற்றியபின் அந்தத் தடுமாற்றம் இல்லை. காற்றழுத்தத்தை வீட்டில், டயர் ஆறியிருக்கும்போதே பார்த்துவிடுகிறேன். வளைவில் சிந்திக் கிடக்கும் டீசலுக்கும் ஈர இலைக்கும் மட்டும் உட்காரும் முறை எதுவும் உதவாது. மெதுவாகப் போக வேண்டியதுதான்.

சென்ற மாதம் மறுபடியும் எழுபது வளைவுகளையும் இறங்கிவந்து, காரவள்ளியில் டீ குடிக்க நிறுத்தினேன். முன்பெல்லாம் அங்கே வந்ததும் மணிக்கட்டை உதறிக்கொள்வேன். இந்த முறை கை சும்மா இருந்தது. இரண்டு தொடைகளும்தான் கடுத்தன.