ஊசிக்கோபுரத்திலிருந்து அசனப் பந்தி வரை

பாளையங்கோட்டையில் குடியிருப்பவர்களுக்கு ஊசிக்கோபுரம் என்ற பழைய கிறிஸ்தவ ஆலயம் வழி சொல்லத்தான் அதிகம் பயன்படுகிறது. ஆட்டோக்காரரிடம் "ஊசிக்கோபுரம் தாண்டி நிறுத்துங்க" என்போம். ஞாயிறு ஆராதனைக்குப் போகும்போதுகூட முதல் மணி அடித்துவிட்டதே என்ற அவசரத்தில் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. இந்த மே விடுமுறையில் அத்தை ஊர் அசனத்துக்கு, அதாவது சபையார் எல்லாரும் கோவிலில் சேர்ந்து பொங்கிச் சாப்பிடும் விருந்துக்கு, போகக் காரைப் பேசியபோது, நேரே போகாமல் பழைய ஆலயங்களைப் பார்த்துவிட்டுப் போகலாமே என்றாள் என் மனைவி. அத்தைக்கு அதில் பாதிச் சம்மதம்தான். "எய்யா, கோவில் எங்கயும் போயிராது. காய் வெட்டுற நேரத்துக்கு நான் அங்க இருக்கணும்" என்றார். எழுபதைத் தாண்டியவர். காய் வெட்டப் போகிறேன் என்று சொல்லித்தான் ஒவ்வொரு வருஷமும் எங்கள் வீட்டிலிருந்து கிளம்புவார்.

வீட்டிலிருந்து பக்கம் என்பதால் முதலில் பாப்பாத்தி அம்மாள் கோவில். சின்னக் கட்டடம். குளோரிந்தா என்ற பிராமண விதவை 1785இல் கட்டியது. ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்தவர் என்பதால், அவர் ஞானஸ்நானம் கேட்டபோது மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் (போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்போம்) முதலில் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்த பிறகு 1778இல்தான் கொடுத்தார். 1780இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபையின் முதல் பதிவேட்டில் இருந்தது மொத்தம் 40 பேர். திருநெல்வேலித் திருச்சபையின் கதையை மிஷனெரிமார் பெயரிலேயே சொல்லிப் பழகிவிட்டோம். ஊர் ஒதுக்கிய ஒரு பெண்ணைச் சுற்றித்தான் இந்தச் சபை கூடியது என்பதை இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம் என்பது என் எண்ணம்.

அப்புறம் ஊசிக்கோபுரம். 1820இல் இங்கே வந்த மிஷனெரி இரேனியஸ் ஐயர் 1826இல் எழுப்பிய ஆலயம். ஆனால் அவர் செய்ததில் எனக்குப் பெரிதாகத் தெரிவது 1830இல் தொடங்கிய தரும சங்கம்தான். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்ததற்காக வீட்டையும் விளையையும் இழந்தவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்றுவதற்காகச் சபை மக்களே காசு போட்டு நடத்திய சங்கம். ஜெபம் பண்ணுகிறோம் என்று சொல்லி அனுப்பாமல் கூரைக்கு வழி செய்தார்கள். பக்கத்திலேயே சாராள் தக்கர் அம்மையார் பெயரில் கல்லூரி இருக்கிறது. அந்த அம்மையார் இந்த மண்ணை மிதித்ததே இல்லை. இங்கிலாந்தில் இருந்தபடியே இந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று காசு திரட்டி அனுப்பியவர். பார்வையற்றோர் பள்ளி, காது கேளாதோர் பள்ளி எல்லாமே அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். இவற்றையெல்லாம் நின்று பார்த்தால் ஒரு நாள் போதாது. அத்தை காருக்குள்ளிருந்து இரண்டு தடவை ஹாரனை அழுத்தச் சொல்லிவிட்டார்.

நாங்குநேரி, ஏர்வாடி வழியாக டோனாவூர். ஆதரவற்ற பிள்ளைகளை அங்கே சேர்த்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895இல் இந்தியா வந்தவர், ஒரு தடவைகூட ஊர் திரும்பாமல் 1951இல் டோனாவூரிலேயே கண்ணை மூடினார். 1931இல் கீழே விழுந்து அடிபட்டதிலிருந்து கடைசி இருபது வருஷமும் பெரும்பாலும் படுக்கைதான். கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அதனால் அவரை அடக்கம் செய்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்திருக்கிறார்கள். போக நினைப்பவர்கள் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். அது பிள்ளைகள் வளர்ந்த, ஆட்கள் குடியிருக்கிற இடம், சுற்றுலாத் தலம் இல்லை.

அங்கே அத்தை ரொம்ப நேரம் நின்றார். நான் ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்தேன். காரில் ஏறியதும், "இத்தன பிள்ளைகளுக்கும் மூணு வேளையும் யாரு பொங்கிப் போட்டிருப்பா?" என்றார்.

வடக்கன்குளத்தில் இறங்கலாம் என்றதும், "அது ஆர்.சி. கோவிலாச்சே" என்று கத்தோலிக்கர் அல்லாத அத்தைக்கு ஒரு தயக்கம். தேவசகாயம் அங்கேதான் ஞானஸ்நானம் பெற்றார் என்று சொன்ன பிறகு இறங்கினார். திருவிதாங்கூர் அரசில் அதிகாரியாக இருந்த நீலகண்ட பிள்ளை 1745இல் அங்கே ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயமானார். 2022 மே மாதம் புனிதர் பட்டம். ஆனால் என்னை நிறுத்தியது வேறு விஷயம். அங்கிருக்கும் திருக்குடும்ப ஆலயத்தை இரண்டு பக்கமாகப் பிரித்துக் கட்டியிருந்தார்கள். இரண்டு சாதிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே பீடத்தைப் பார்க்கும்படி நடுவில் சுவர். 1910இல் கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை இடித்தார். எதிர்த்தவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். சுவர் திரும்ப எழவில்லை. எங்கள் சபைகளில் அப்படிச் சுவர் இல்லை என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது. ஒரே ஊரில் இரண்டு கோவில், இரண்டு கல்லறைத் தோட்டம் இருக்கிற கிராமங்கள் இந்தச் சீமையில் உண்டு. 'நம்ம ஆளா?' என்ற கேள்வி கல்யாணப் பேச்சில் மட்டுமல்ல, சபைத் தேர்தலிலும் வருகிறது. இதைச் சொல்லாமல் அன்பைப் பற்றி எழுதினால் அது பாதிக் கணக்குதான்.

இடையன்குடிக்குள் நுழைவதற்கு முன்னால் சாலையோரம் பதனீர். பனையோலைப் பட்டை பிடித்து, மாங்காய்த் துண்டு போட்டுத் தந்தார்கள். சுற்றிலும் செம்மணலும் பனையும். கால்டுவெல் ஐயர் 1841இல் இங்கே வந்தார். பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்கு 1847இல் அடிக்கல் போட்டு, 1880இல்தான் பிரதிஷ்டை செய்ய முடிந்தது. முப்பத்து மூன்று வருஷம். பனையேறிகளின் காணிக்கையை நம்பி இவ்வளவு பெரிய கட்டடத்தைத் தொடங்குவதற்கே ஒரு துணிச்சல் வேண்டும். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டவரும் இவரே. தமிழ்ப் பேராசிரியர்கள் அந்தப் புத்தகத்துக்காக இங்கே வருகிறார்கள், ஊர்க்காரர்கள் அவர் போட்டுக் கொடுத்த நேரான தெருக்களில் நடக்கிறார்கள். அவருடைய துணைவியார் எலிசா அம்மையார் ஊர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். கையில் நாலு காசு வந்ததும் வீட்டில் அவர்கள் சொல்லுக்கு மதிப்பு வந்திருக்கும். பிரசங்கத்தைவிட அது எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். 1891இல் கொடைக்கானலில் இறந்த ஐயரின் உடலை இங்கே கொண்டுவந்து இதே ஆலயத்தில் பீடத்தின் கீழ் அடக்கம் செய்தார்கள்.

சாத்தான்குளம் தாண்டி முதலூரில் மஸ்கோத்து அல்வா வாங்கினோம். தேங்காய்ப் பாலில் கிண்டியது, திருநெல்வேலி அல்வாவோடு ஒப்பிடக் கூடாது. 1799இல் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் முன்னின்று, துன்பப்பட்ட கிறிஸ்தவக் குடும்பங்களுக்காக உண்டாக்கிய ஊர் இது. மெஞ்ஞானபுரம் ஆலயத்தை வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது. 192 அடிக் கோபுரம், வாழைத் தோட்டங்களுக்கு மேலே வெகு தூரத்திலிருந்தே தெரியும். பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அத்தை இப்போது பேசவே இல்லை. அது நல்லதற்கில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

அத்தையின் ஊரைப் பெயர் சொல்லாமல் விடுகிறேன், செம்மணல் மேடான தேரிக்காட்டை ஒட்டிய ஊர். அடுக்களையில் அடுப்புக்கு வலதுபக்கம் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது, மூடியில் பச்சைப் பெயின்ட் உரிந்துபோய். உலை கொதித்ததும் அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி அந்த டின்னுக்குப் போகும். பிறகுதான் பானைக்கு. அத்தை எங்களோடு தங்கியிருக்கும் மாதங்களில் அவருடைய மருமகள் போடுகிறாள். எங்கள் வீட்டிலும் அத்தை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை அதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார். மாதக் கடைசியில் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எல்லா வீட்டு அரிசியும் ஒன்றாகக் கொட்டப்பட்டு ஏலத்துக்கு வரும். பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி எல்லாம் கலந்து கிடக்கும். வீட்டில் பொன்னி பொங்கிவிட்டு ரேஷன் அரிசியைக் கைப்பிடியில் போடுகிற வீடுகள் எவை என்று சங்கத்துக்குத் தெரியும், யாரும் சொல்வதில்லை. கலப்பரிசி ஒரே பதமாக வேகாது என்பதால் கோழி வளர்ப்பவர்கள்தான் போட்டி போட்டு ஏலம் எடுப்பார்கள்.

அந்தப் பணத்தில் ஒரு பங்கு இந்திய மிஷனெரி சங்கத்துக்குப் போகிறது. 1903இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய சங்கம். வெள்ளாளன்விளைக்காரரான அசரியா அதில் முன்னின்றவர். இந்தியர் பணத்தில் இந்தியர் ஊழியம் செய்ய வேண்டும் என்று தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பினார்கள். 1912இல் அசரியாவே அங்கே பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுதான் முதல் தடவை. அத்தைக்கு இந்த வருஷங்கள் எதுவும் தெரியாது. "பானையில மா குறையாதுன்னு வேதத்துல எலியா தீர்க்கதரிசி சாறிபாத் விதவைக்குச் சொன்னாருல்லா. போட்டுக்கிட்டேதான இருக்கேன், நமக்கும் குறையல" என்பது அவருடைய கணக்கு. மாமா இறந்து, கடன்காரர்கள் வாசலில் நின்ற வருஷத்திலும் அந்த டின் காலியாகப் போனதில்லை என்று அவர் மருமகள் என் மனைவியிடம் சொன்னாளாம்.

ராத்திரி கோவில் வளாகத்தில் ட்யூப் லைட்டுக்குக் கீழே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கத்தரிக்காய், முருங்கைக்காய் வெட்டினார்கள். வெங்காயம் உரிக்கிற இடத்தில் இளவட்டப் பெண்கள். ஒரு பாட்டி கீர்த்தனை எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள், நடுநடுவே யாருக்கு எங்கே மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்ற விசாரணையும் நடந்தது. பொருத்தனையாக நேர்ந்துவிட்ட ஆடுகள் வேப்ப மரத்தில் கட்டியிருந்தன. அதிலொன்று, ஐந்து வருஷம் கழித்துப் பிள்ளை பிறந்த ஒரு வீட்டிலிருந்து வந்தது. பக்கத்துத் தெருவிலிருந்து இந்துக் குடும்பத்தார் ஒருவர் வருஷா வருஷம் ஒரு மூட்டை அரிசி கொடுக்கிறார். அவருடைய அம்மா காலத்து வழக்கமாம்.

மறுநாள் ஆராதனை, திருவிருந்து என்ற நற்கருணை முடிந்ததும் எல்லாரும் பின்பக்கம் போனார்கள். ஓலைப் பாயின் மேல் வெள்ளைத் துணி விரித்து வடித்த சோற்றைக் கொட்டியிருந்தார்கள்; ஆவி போய்க்கொண்டிருந்தது. ஐயர் அங்கியோடு வந்து ஜெபம் பண்ணினார். வீடுகள்தோறும் அப்பம் பிட்டுக் கபடமில்லாத இருதயத்தோடு போஜனம் பண்ணின ஆதிச் சபையை நினைவுபடுத்தி ஜெபத்தைச் சுருக்கமாகவே முடித்துக்கொண்டார். பசிக்கிற கூட்டத்தின் முன்னால் நீட்டக் கூடாது என்பது அனுபவம்.

கறிக்குழம்பு அண்டாவை அடுப்பிலிருந்து இறக்க இரண்டு கம்புகளைக் கொடுத்துத் தூக்கினார்கள். முன்பக்கம் பிடித்தவர் ஒருவர், பின்பக்கம் பிடித்தவர் அவருடைய மச்சினன். போன சபைத் தேர்தலிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஊருக்கே தெரியும். "மெதுவா, மெதுவா" என்று ஒருவர் சொல்ல, "பிடிச்சுட்டேன், இறக்கு" என்று மற்றவர் சொன்னார். பந்திக்குப் பக்கத்தில் அண்டாவை வைத்ததும் ஒருவர் கிழக்கே போனார், ஒருவர் மேற்கே போனார். இதில் உருகிச் சமாதானமாகிவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான், அப்படி நடக்கவில்லை. அந்த இரண்டு வாக்கியம் பேசினார்கள், அவ்வளவுதான். போன வருஷம் ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டு அண்டாவைத் தொடவே இல்லை என்று அத்தை சொன்னார்.

பந்தியில் யார் பக்கத்தில் யார் என்ற ஒழுங்கு இல்லை. எனக்கு இடதுபக்கம் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், வலதுபக்கம் இரவல் லுங்கியில் இருந்த லாரி டிரைவர், வழியில் போகிறவரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். சோற்றை வாளியில் எடுத்து வந்த பையன் போதும் என்று கை காட்டினாலும் விடவில்லை. எழுந்து வர முடியாத வீடுகளுக்குத் தூக்குச்சட்டியில் சோறு போனது. அந்தப் பட்டியல் அத்தையிடம் மனப்பாடம்: கண் தெரியாத தாத்தா, பிள்ளை பெற்றவள், சபைக்கே வருவதை நிறுத்திவிட்ட ஒரு குடும்பம். கடைசி வீட்டுக்கு யார் கொண்டுபோவது என்று கொஞ்சம் இழுபறி. அத்தையே தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "சோறு கொடுக்கத்தான போறேன், சண்டை போடவா?" என்றார். திரும்பி வந்தபோது தூக்கில் அந்த வீட்டு முருங்கைக்காய் நாலு இருந்தது.

சாயங்காலம் மிச்சச் சோற்றைப் பக்கத்துத் தெருக்களுக்குக் கொடுத்துவிட்டு, பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்தார்கள். கோவில் பணியாளரான கோவில்பிள்ளை வளாகத்தைப் பெருக்க, சபை மன்றத்தார் வரவு செலவு வாசிக்க உட்கார்ந்தார்கள். மளிகைக் கணக்கு சரி, காய்கறிக் கணக்கு சரி. விறகு ரூபாய் அதிகம் என்று ஒருவர் எழுந்தார். போன வருஷ நோட்டை எடுத்து வரச் சொன்னார் இன்னொருவர். இது முடிய ராத்திரி ஒன்பது மணியாகும் என்றார் அத்தை. அவர் இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறாராம், கைப்பிடி அரிசி ஏலம் இருக்கிறது. நாங்கள் காரைக் கிளப்பினோம்.