மூன்றாவது படி

நவம்பர் 25, 2024, திங்கள்
வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாம். செய்தி முடிவதற்குள் உள்ளங்கை சில்லிட்டுவிட்டது. வெளியே நல்ல வெயில்.

நவம்பர் 26
செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டத்தை ஏழு முறை பார்த்தேன். 24 அடி வந்தால்தான் நிரம்பும், அதற்கு இன்னும் நிறைய இருக்கிறது. தெரிந்தே எட்டாவது முறையும் பார்த்தேன்.

நவம்பர் 27
டாக்டரிடம் போனேன். "இப்ப ரெண்டாவது மாடியில இருக்கோம், தண்ணி வராதுன்னு தெரியுது டாக்டர். ஆனா உடம்பு கேக்கல" என்றேன். தாளில் மூளையை வரைந்து காட்டினார். ஆபத்து என்று அமிக்டலாவுக்கு, அதாவது மூளையில் பயத்தைக் கிளப்பும் பகுதிக்கு, தோன்றினால் போதுமாம். நாம் யோசித்து முடிப்பதற்குள் அட்ரினலின் இறங்கிவிடும், பின்னாலேயே கார்ட்டிசால்; இரண்டும் பதற்றத்தில் சுரக்கும் ஹார்மோன்கள். தோலில் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால்தான் கை சில்லிடுகிறது. ஓட வேண்டிய நேரத்தில் செரிமானம் எதற்கென்று வயிறும் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. நடந்ததற்குத் தேதியும் இடமும் குறித்து வைப்பது ஹிப்போகேம்பஸ். பயம் தலைக்கேறிய நேரத்தில் அந்த வேலை அரைகுறையாகிவிடுமாம். அதனால் 2015 வெள்ளத்தின் அந்த ராத்திரி 'அன்றைக்கு' என்று வராமல் 'இப்போது' என்றே வருகிறது.

எல்லாம் புரிந்தது. ஆனால் நாங்கள் முடிச்சூர் வீட்டைக் காலி செய்துவிட்டோம் என்று அமிக்டலாவுக்கு யார் போய்ச் சொல்வது?

நாலு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி விடு என்றார். மூச்சு வெளியே போகும்போது வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைக் குறைக்குமாம். சரி.

நவம்பர் 28
மாவு அரைக்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 29
புயலாகிவிட்டது. ஃபெங்கல், சவூதி அரேபியா வைத்த பெயராம். நாளைக்குப் பள்ளி விடுமுறை என்று மகன் குதிக்கிறான். 2015-ல் அவன் பிறக்கவே இல்லை. வண்டியை மேட்டில் விடச் சொன்னதற்கு இவர் சிரித்தார். போன மாதம் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார் நிறுத்தினார்களே, அவர்களைப் பார்த்தும் சிரிப்பாரா?

நவம்பர் 30, இரவு 11.40
குளியலறைக் கால்மிதி நனைந்து நாறியது. அவ்வளவுதான். மற்றப் புலன்களெல்லாம் தாலமஸ் என்ற மூளையின் சந்திப்பு வழியாகச் சுற்றிப் போக, வாசனை மட்டும் குறுக்கு வழியில் அமிக்டலாவுக்குப் போய்விடுமாம். சாக்கடையும் டீசலும் கலந்த தண்ணீர். கையில் செல்போன் வெளிச்சம். முதல் படி. இரண்டாவது படி. "என் கண்ணாடி எங்கம்மா?" என்று அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கண்ணாடி வேண்டாம் அத்தை, எழுந்திருங்க, எழுந்திருங்க. மூன்றாவது படி.

மூச்சை எண்ண வேண்டியவள் படியை எண்ணிக்கொண்டிருந்தேன். இவர் விளக்கைப் போட்டபோது வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேனாம்.

டிசம்பர் 1
மழை விட்டது. மயிலத்தில் ஏறக்குறைய 50 செ.மீ.யாம். எங்கள் தாம்பரத்தில் அன்றைக்கு 49. தேதியும் இன்றைய தேதிதான். இவர் வாயைத் திறக்கவில்லை. நானும்.

அந்தக் கண்ணாடி எங்கேதான் இருந்தது?

டிசம்பர் 2
பால் வாங்கக் கீழே போனேன். ஏரி: இரண்டு முறை.