2147483647

நேத்து கொழும்பு வெள்ளவத்தையில இருந்து கோட்டைக்கு 100ஆம் நம்பர் பஸ்ஸில போகேக்க மகள் போன் கல்குலேட்டர்ல ரெண்டை ரெண்டால பெருக்கிப் பெருக்கி வந்தவள், 31 ரெண்டு சேர்ந்து 2147483648 வந்ததும் நான் சொன்னன் அதில ஒண்டைக் கழி பிள்ளை எண்டு.

2147483647. இது ஒரு முதன்மை எண், தன்னாலயும் ஒண்டாலயும் மட்டும்தான் மீதியில்லாம வகுபடும். இதை நிரூபிச்சவர் கணித மேதை ஒய்லர், 1772ல, அப்ப அவருக்கு கண் பார்வை கிட்டத்தட்ட போயிட்டுது, கம்பியூட்டரும் இல்ல கல்குலேட்டரும் இல்ல!

இதின்ர வர்க்கமூலம் 46340 சொச்சம், அது வரைக்கும் ஒவ்வொரு எண்ணா வகுத்துப் பாத்தா ஆயுசு போயிடும். ஆனா இதுக்கு காரணி எண்டு ஒண்டு இருந்தா அதை 248ஆல வகுக்க மீதி 1 இல்லாட்டி 63தான் வரவேணும் எண்டு அவர் கண்டுபிடிச்சார், அதால 372 வகுத்தலுக்கு மேல தேவைப்படேல்ல. பின்னேரம் வீட்ட வந்து நாங்களும் கொப்பியில, 248ஆல வகுக்க மீதி 63 வாற 311ஆல வகுத்துப் பாத்தம், மீதி 35. அந்த 35ஐப் பாத்து அவள் துள்ளினாள், எனக்கு கண் கலங்கிட்டுது உண்மையா.

இதே எண்தான் 32 பிட்டில, அதாவது 0 இல்லாட்டி 1 போடுற 32 இடத்தில, கம்பியூட்டர் பிளஸ் மைனஸ் குறியோட வச்சிருக்கக்கூடிய ஆகப்பெரிய முழு எண். 1970 ஜனவரி 1ல இருந்து செக்கன் எண்ணிக்கொண்டு வாற பழைய சிஸ்டங்களில 2038 ஜனவரி 19 எங்கட நேரம் காலமை 8.44க்கு அது நிரம்பிடும், அடுத்த செக்கன் கணக்கு மைனஸுக்குப் போயிடும்.

அப்ப எனக்கு எத்தின வயசு அப்பா எண்டு கேட்டுக்கொண்டு திரும்ப போனை எடுத்திட்டாள்.