13 காதைக்கு 13 வாரம் என்று கணக்குப் போட்டேன்

பீரோ கதவில் ஒரு சார்ட் ஒட்டியிருந்தேன். சிலப்பதிகாரம், மதுரைக் காண்டம், 13 காதை (அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்), 13 வாரம். ஜூன் முதல் வாரம் தொடங்கினால் ஆகஸ்ட் கடைசியில் கண்ணகி மதுரையை எரித்து முடித்துவிடுவாள், நாங்களும் அடுத்ததுக்குப் போய்விடலாம். மூன்றாவது வாரமே அந்தச் சார்ட் கிழிந்தது. கிழித்தது நான்தான்.

மகனுக்கு 12 வயது, பள்ளிக்கூடம் போயிருந்தால் ஏழாம் வகுப்பு. இரண்டு வருஷமாக வீட்டில் வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். பத்தாம் வகுப்பை என்ஐஓஎஸ்ஸில் (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) எழுதிக்கொள்ளலாம், அதற்கே 14 வயது ஆக வேண்டும், ஆக இப்போதைக்குப் பரீட்சை என்று எதுவும் கழுத்தைப் பிடிக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்திலேயே படித்து வளர்ந்த என் கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு காதைக்கும் நாலு பக்கம் வழிகாட்டி தயாரித்தேன்: அருஞ்சொற்பொருள், கோடிட்ட இடம், குறுவினா ஆறு, நெடுவினா ரெண்டு, காதைச் சுருக்கம். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து டைப் அடித்து, ஸ்பைரல் பைண்டிங் வேறு.

முதல் காதையிலேயே இடித்தது. காடுகாண் காதை 200 அடிக்கு மேல் போகிறது, வழக்குரை காதையோ 80 அடி சொச்சம். இரண்டுக்கும் ஒரே வாரம், அதே நாலு பக்கம். காடுகாண் காதையில் மறையோன் ஒருவன் மதுரைக்குப் போக மூன்று வழி சொல்கிறான், அதில் இடப்பக்க வழி திருமால்குன்றம் வழியாக, அதாவது நம்ம அழகர்மலை வழியாக வருகிறது. மாசத்துக்கு ஒரு தடவையாவது அழகர்கோவில் ரோட்டில் போகிற பையனிடம் நான் கேட்ட கேள்வி, 'மறையோன் கூறிய மூன்று வழிகள் யாவை?' அவனும் சமத்தாக எழுதினான், எழுதிவிட்டு, "இன்னும் எத்தனை பக்கம்மா?" என்றான். கதை கேட்டு வளர்ந்த பிள்ளை, 'அப்புறம் என்னாச்சு' என்று நச்சரிக்கிறவன், எத்தனை பக்கம் என்று கேட்க ஆரம்பித்துவிட்டான். அன்றைக்குத்தான் சார்ட்டைக் கிழித்தேன்.

அதற்கப்புறம் முறையை மாற்றினோம். முதலில் முழுக் காண்டத்தையும் உரைநடையில், நாலே நாளில், நிறுத்தாமல் வாசித்துவிட்டோம். கோவலன் சாகப்போவது மதுரைக்காரப் பிள்ளைக்கு எப்படியும் தெரியும், ஒளித்து வைக்க ஒன்றுமில்லை. முடித்தபிறகு எந்த இடத்துக்குத் திரும்பப் போகலாம் என்று அவனையே கேட்டேன். அவன் சொன்ன இடங்களில் மட்டும் மூலத்தைத் திறந்தோம், ஒரு தடவைக்கு 15, 20 அடி, வாய்விட்டு. பதம் பிரித்த பதிப்பாகப் பார்த்து எடுங்கள், சந்தி பிரிக்கத் தடுமாறியே பிள்ளை களைத்துவிடும். மூலம் மதுரைத் திட்டம் தளத்தில் இலவசம், உரையோடு வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இருக்கிறது. நான் எழுதிவைத்த கேள்விகளில் காதைக்கு ரெண்டு பிழைத்தது, மற்றதெல்லாம் போச்சு.

வேகம் அதுவாகவே அமைந்தது. ஊர்காண் காதை இரண்டே நாள்: கோவலன் பார்த்த மணிக்கடை, பொற்கடை, துணிக்கடை, கூலக்கடை வீதிகளை வாசித்துவிட்டு, சாயங்காலம் தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக்கடைகளைப் பார்த்தபடி நடந்தோம், அவ்வளவுதான். (ஜிகர்தண்டா இல்லாமல் அவன் வரமாட்டான், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.) புறஞ்சேரி இறுத்த காதையில் வையை, அதாவது நம்ம வைகை, வருகிற இடத்துக்கு மட்டும் ஒரு வாரம் ஆனது. கண்ணகிக்கு வரப்போகிற துன்பம் தெரிந்ததுபோல வையை பூவைப் போர்த்திக்கொண்டு தன் கண்ணீரை மறைத்துக்கொள்கிறாள், கண்ணகியும் கோவலனும் அதைப் பார்த்து இது பூ ஓடுகிற ஆறு என்கிறார்கள், பிறகு புணையில் ஏறித் தென்கரைக்குப் போகிறார்கள். அப்படியானால் அவர்கள் நின்றது வடகரை. செல்லூர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். நான் எதிர்பார்த்தது மணலும் சீமைக்கருவேலமும். அன்றைக்குக் கொஞ்சம் சாக்கடைத் தண்ணீர் தேங்கி, மேலே ஆகாயத்தாமரை கரைக்குக் கரை ஊதாவாகப் பூத்துக் கிடந்தது. "இப்பவும் பூவைத்தாம்மா போர்த்தியிருக்கு" என்றான். என் வழிகாட்டியில் இதற்குக் கோடிட்ட இடம் இல்லை.

வழக்குரை காதை மூன்று வாரம் இழுத்தது, 80 அடிக்கு மூன்று வாரம்! அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகி சிலம்பில் மாணிக்கம், உடைத்தால்தான் தெரிந்தது. "ஆட்டிப் பார்த்தாலே சத்தத்துல தெரிஞ்சிருக்குமே, எதுக்கு ஆளைக் கொல்லணும்?" என்று கேட்டுவிட்டு நேராக அடுக்களைக்குப் போனான். எவர்சில்வர் டப்பா ரெண்டு, ஒன்றில் மிளகு, ஒன்றில் பாசிப்பயறு. அவன் அப்பாவைக் கண்ணை மூடி உட்காரவைத்து ஆட்டினான். 10 தடவையில் 6 தடவைதான் சரியாகச் சொன்னார், அதிலும் ரெண்டு குருட்டாம்போக்கு என்று அவரே ஒத்துக்கொண்டார். 'சத்தத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனால் கொல்லச் சொல்வதற்கு முன்னால் உடைத்துப் பார்த்திருக்கலாம்' என்று நோட்டில் ஒரு பக்கம் எழுதினான். ரெண்டு நெடுவினாவுக்கும் சேர்த்து அவன் அவ்வளவு எழுதியது கிடையாது. மிளகும் பயறும் கலந்துபோனதைப் பொறுக்கி எடுத்த வேலை எனக்கு.

எனக்குக் கை நடுங்கிய இடம் வஞ்சின மாலை. கண்ணகி தன் இடமுலையைத் திருகி எறிகிறாள், இதை 12 வயசுப் பையனிடம் எப்படிச் சொல்ல? வழிகாட்டியில் 'சினத்தால் நகரை எரித்தாள்' என்று பூசி மெழுகி வைத்திருந்தேன். இரண்டு நாள் அந்தப் பக்கத்தைத் திறக்காமல் ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவன் அப்பத்தா, வெங்காயம் உரித்துக்கொண்டே, "மாரைத் திருகி எறிஞ்சாடா, அம்புட்டு ஆத்தாமை அவளுக்கு" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டது. அவன் சிரிக்கவும் இல்லை, கூச்சப்படவும் இல்லை, அப்புறம் என்னாச்சு என்றான். இந்த மாதிரி இடத்தில் தள்ளிப்போடுவது பிள்ளைக்காக என்று நினைத்துக்கொள்கிறோம், எனக்காகத்தான் தள்ளிப்போட்டேன்.

அதே காதையில் கண்ணகி தீக்கடவுளிடம் யாரை விட்டுவிட வேண்டும் என்று சொல்கிறாள்: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி. இதை வாசித்த அன்று மேற்கொண்டு ஓர் அடிகூட நகரவில்லை. அப்பத்தா தப்பிச்சிருச்சு, மூத்தோர். அம்மா பத்தினியா என்று அப்பாவைக் கேட்க வேண்டுமாம். தான் குழவியா இல்லையா என்பதுதான் பெரிய சந்தேகம். கண்ணகிக்குக் கல்யாணம் ஆனபோது அவளுக்கே 12 வயது என்று புகார்க் காண்டத்தில் படித்தது ஞாபகம் வந்து, "அப்போ அவ கணக்குல நான் குழவி கிடையாதும்மா, எரிஞ்சிருப்பேன்" என்று முகத்தை வைத்துக்கொண்டான். மறுநாளும் அதே பேச்சு. கட்டுரை காதை இன்னும் பாக்கி இருக்கிறது. அடுத்த வாரம் தொடங்குவோமா என்று கேட்டேன், முதலில் குழவிக்கு எத்தனை வயது வரைக்கும் என்று உரையில் பார்த்துச் சொல் என்கிறான்.